விருப்பப் பாடம் யாருடைய விருப்பம்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என் தங்கையின் பேத்தி போன் செய்தாள். பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. "தாத்தா, அடுத்த வருஷத்துக்கு எலெக்டிவ் எழுதிக் குடுக்கணும். நாலு பேப்பர் போட்டிருக்காங்க. எதை எடுக்கட்டும்?" என்றாள். நம்பர் தியரி, கிராஃப் தியரி, ஆபரேஷன்ஸ் ரிசர்ச், ஃபஸி இந்த நாலும். உனக்கு எது பிடிக்கிறது என்று கேட்டேன். "நம்பர் தியரிதான். ஆனா கிளாஸ்ல எல்லாரும் ஃபஸிதான் ஸ்கோரிங்னு சொல்றாங்க. நிறைய பேர் எதுக்குக் கை தூக்குறாங்களோ அதைத்தான் நடத்துவாங்களாம்."

முப்பத்து மூன்று வருஷம் கணிதம் நடத்தியவன் நான். பதில் நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டும். ஆனால் "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்த விருப்பப் பாடம் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். உங்களில் பலர் இப்போது பிள்ளைகளுக்காக இதே பாரத்தை நிரப்பிக்கொண்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்துக் கல்லூரிகளில் தேர்வு செய்ய எதுவும் கிடையாது. லத்தீன், கிரேக்கம், கணிதம் என்று எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, பந்தியில் பரிமாறுவது போல. வேண்டாம் என்று இலையை மூட முடியாது. அமெரிக்காவின் ஹார்வர்டில் இந்தப் பந்தியிலிருந்து முதலில் எழுந்த பாடங்களில் ஒன்று நம்முடைய கணிதம்தான். அங்கே பெஞ்சமின் பியர்ஸ் என்று ஒரு கணிதப் பேராசிரியர். பெரிய மேதை. ஆனால் அவர் நடத்துவது பாதிப் பேருக்குப் புரியாது. விருப்பமில்லாதவனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பதில் அவருக்கும் விருப்பமில்லை. 1838-இல், முதலாண்டு முடிந்ததும் வேண்டாதவர்கள் கணிதத்தை விட்டுவிடலாம் என்று ஏற்பாடானது. அப்போதைய தலைவர் ஜோசையா குவின்சியும் இந்த யோசனைக்குச் சாதகமாக இருந்தார்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாணவனுக்குச் சுதந்திரம் என்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். அந்தச் சுதந்திரத்தின் ஒரு வேர், "வராதவன் வரவேண்டாம், வருகிறவனுக்கு நான் ஒழுங்காக நடத்துகிறேன்" என்ற ஒரு வாத்தியாரின் எரிச்சலில் இருக்கிறது. வாத்தியார்களாக இருந்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும்.

1869-இல் சார்லஸ் எலியட் ஹார்வர்டின் தலைவரானார். அவரும் ஒரு காலத்தில் அங்கே கணிதமும் வேதியியலும் நடத்தியவர்தான். நாற்பது வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். நூற்றாண்டு முடிவதற்குள், முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி போன்ற ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே மாணவன் இஷ்டம் என்றாகிவிட்டது. அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது?

கும்பகோணம் அரசுக் கல்லூரி காவிரிக் கரையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1904-இல் டவுன் ஹைஸ்கூலிலிருந்து உதவித்தொகையோடு அங்கே எஃப்.ஏ. சேர்ந்தார் ராமானுஜன். எஃப்.ஏ. என்பது பின்னாளைய இன்டர்மீடியட் மாதிரி. ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு, சமஸ்கிருதம் எல்லாம் உண்டு, எல்லாவற்றிலும் தேற வேண்டும். அவர் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். கணிதத்தில் வெளுத்துக்கட்டினார், உடலியலில் கவிழ்ந்தார். அந்த வருஷக் கடைசியில் எழுதியதிலும் தேறவில்லை, 1907-இல் தனித்தேர்வராக எழுதியதிலும் தேறவில்லை. சீரண உறுப்புகளைப் பற்றி எழுதத் தெரியாததால் ஒரு கணித மேதைக்குப் பட்டம் கிடையாது என்றாகிவிட்டது.

இதைச் சொல்லி வகுப்பில் எத்தனையோ முறை நான் பாடத்திட்டத்தைத் திட்டியிருக்கிறேன். கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆனால் வயதாக ஆக, அந்தக் கதையை நான் பாதிதான் சொன்னேன் என்று தோன்றுகிறது. ராமானுஜனுக்கு உடலியல் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் உரிமை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். எஃப்.ஏ. தேறியிருப்பார், பி.ஏ.வும் தேறியிருக்கலாம். ஆனால் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கணிதத்தைக் கும்பகோணத்தில் யார் நடத்தியிருப்பார்கள்? அவர் கையில் இருந்தது கார் என்பவர் எழுதிய சூத்திரத் தொகுப்பு ஒன்று. நிரூபணங்கள் பெரும்பாலும் இல்லாத புத்தகம். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போட்ட பிறகுதான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தந்தால் போதும், உன் இஷ்டப்படி ஆராய்ச்சி செய் என்றது. அவர் வாழ்க்கையில் கிடைத்த முதல் உண்மையான விருப்பப் பாடம் அதுதான். அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே 1916-இல் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் கொடுத்தார்கள்.

கேம்பிரிட்ஜ் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். அங்கே ட்ரைபாஸ் என்ற கணிதத் தேர்வு. முதலிடம் வருகிறவருக்கு சீனியர் ராங்ளர் என்று பட்டப்பெயர், பத்திரிகையில் படம். தனிப் பயிற்சியாளர்களிடம் வருஷக்கணக்கில் கணக்குப் போட்டுப் பழகி அந்த இடத்தைப் பிடிப்பார்கள். நம் கோச்சிங் சென்டர்களுக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஹார்டியே 1898-இல் நான்காவதாக வந்தவர். வாழ்நாள் முழுக்க அந்தத் தேர்வைத் திட்டினார். சீர்திருத்தம் கேட்டவர்களின் முயற்சியால் 1909-ஓடு தர வரிசைப்படி பெயர் வெளியிடுவது நின்றது. பந்தயக் குதிரைக்கு எந்தப் புல் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ட்ரைபாஸ் மாணவர்களையும் யாரும் கேட்கவில்லை.

திரும்ப ஹார்வர்டுக்கு வருவோம். எல்லாமே இஷ்டம் என்றதும் என்ன ஆனது? நீங்கள் ஊகித்ததுதான். பலர் எது சுலபமோ அதை எடுத்தார்கள். காலை வகுப்பு இல்லாத பாடம், மாடிப்படி ஏற வேண்டாத பாடம் என்று பார்த்து எடுத்தவர்கள் உண்டு என்று கேலியாகவே பேசிக்கொண்டார்கள். நாலு வருஷமும் ஆரம்ப நிலைப் பாடங்களிலேயே மேய்ந்துவிட்டுப் பட்டம் வாங்கிப் போகலாம். 1903-இல் ஆசிரியர் குழு ஒன்று விசாரித்துவிட்டு, பையன்கள் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாகத்தான் படிக்கிறார்கள் என்று சொன்னது.

1909-இல் எலியட் இறங்கியதும் லாரன்ஸ் லவல் வந்தார். சட்டமும் அரசியலும் அவர் துறை என்றாலும், 1877-இல் அவர் ஹார்வர்டில் சிறப்புத் தேர்ச்சி பெற்றது கணிதத்தில். அதுவும் நாம் முதலில் பார்த்த பியர்ஸின் காலத்திலேயே படித்தவர்! வாத்தியார் திறந்துவிட்ட கதவை மாணவர் பாதி சாத்தினார் என்று சொல்லலாம். மொத்தம் 16 பாடம் என்றால் 6 பாடம் ஒரே துறையில் ஆழமாக இருக்க வேண்டும், இன்னொரு 6 பாடம் வேறு துறைகளில் பரவ வேண்டும், மிச்சம் 4 உன் இஷ்டம் என்று விதி செய்தார். இன்று நம் கல்லூரிகளில் கோர், அலைடு, எலெக்டிவ் என்று மூன்றாகப் பிரித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

இதற்கெல்லாம் நேர்மாறாக ஒரு கதை சென்னையிலேயே உண்டு. சார்லஸ் ரசீன் என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். பாரிஸில் எலி கார்த்தான் என்ற மாபெரும் கணிதரிடம் ஆராய்ச்சி செய்து 1934-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1937-இல் இந்தியா வந்தார். முதலில் திருச்சி செயின்ட் ஜோசப், பிறகு 1939-இலிருந்து சென்னை லயோலா. அன்றைய பி.ஏ. ஆனர்ஸ் பாடத்திட்டம் பல்கலைக்கழகம் வகுத்தது, ட்ரைபாஸ் வாடை அடிப்பது. பகுமுறை வடிவியல், இயக்கவியல், கோளவியல் இவைதான் பெரிய பங்கு. ஐரோப்பாவில் அப்போது பொங்கிக்கொண்டிருந்த நவீன இயற்கணிதமும் டோபாலஜியும் ஏறக்குறைய கிடையாது.

ரசீன் மாணவர்களுக்கு விருப்பப் பாடம் என்று ஒரு பட்டியல் தரவில்லை. தருகிற அதிகாரமும் அவரிடம் இல்லை. ஆனால் நடத்துகிற பாடத்துக்கு நடுவிலேயே புதிய கணிதத்தின் வாசனையைக் காட்டினார், புதிய புத்தகங்களைக் கையில் கொடுத்தார், நல்ல மாணவர்களை பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். அவருடைய வகுப்பு தேர்வை நோக்கியது அல்ல என்றுதான் மாணவர்கள் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அப்படிப் போனவர்கள். இருவரும் 1953-இல் பம்பாயில் சேர்ந்தார்கள். 1965-இல் அவர்கள் இருவர் பெயரிலும் வந்த தேற்றம் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. சேஷாத்ரி பிறகு சென்னைக்குத் திரும்பி ஆரம்பித்த நிறுவனம்தான் இன்றைய சென்னை கணிதவியல் கழகம். சி.பி. ராமானுஜம் என்று இன்னொருவர். 1957-இல் ஆனர்ஸில் அவர் வாங்கியது இரண்டாம் வகுப்பு. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற வாத்தியாராக இருந்தால் "பேங்க் பரீட்சை எழுதுப்பா" என்றிருப்பார். ரசீன் அவரையும் பம்பாய்க்கு விண்ணப்பிக்க வைத்தார். 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாலும், அதற்குள் அவர் செய்த வேலை கணித உலகில் நிலைத்துவிட்டது.

சரி, இப்போது என் கதை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்கு ஒரு விருப்பப் பாடம் இருந்தது. பாடத்திட்டப் புத்தகத்தில் மூன்று பேப்பர் அச்சாகியிருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் நடத்துவோம். அதை முடிவு செய்வது துறைக் கூட்டம். மாணவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள், அது சும்மா சம்பிரதாயம். எட்டு வருஷமாக நடந்தது அஸ்ட்ரானமி. நடத்தியது நான். குமாரவேலு புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் எனக்கு மனப்பாடம். அஸ்ட்ரானமியைக் குறை சொல்ல மாட்டேன். கோள முக்கோணம் வரைந்து சூரியன் உதிக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்கும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் அதை நாங்கள் தேர்ந்தெடுத்த காரணம் அது அல்ல. நோட்ஸ் தயாராக இருந்தது. ரிசல்ட் நூறு சதவீதம் வந்தது.

ஒரு பையன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். பட்டியலில் நம்பர் தியரியும் இருந்தது. "சார், இந்த வருஷம் நம்பர் தியரி வைப்பீங்களா?" என்று கேட்டான். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பகா எண்களைப் பற்றித் தானாகவே ஏதேதோ எழுதிப் பார்த்திருந்தான். ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம் என்று முப்பது வரை அட்டவணை போட்டிருந்தான். நான் இரண்டு பக்கம் புரட்டினேன். நம்பர் தியரி நான் எம்.எஸ்சி.யில் படித்ததோடு சரி. புதிதாக நடத்த வேண்டும் என்றால் கோடை விடுமுறை முழுக்க உட்கார வேண்டும். அந்தக் கோடையில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். "ரிசல்ட் முக்கியம்ப்பா. அஸ்ட்ரானமியிலே தொண்ணூறு வாங்கலாம்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சரி சார் என்று போய்விட்டான். தொண்ணூற்றிரண்டு வாங்கினான்.

தினமும் வகுப்பில் ராமானுஜனுக்காகக் கண்ணீர் விட்டவன் நான். உடலியல் பேப்பரைத் திட்டியவன் நான்.

அந்தப் பையன் இப்போது வங்கி மேலாளர். நல்ல வாழ்க்கை, நல்ல குடும்பம். இரண்டு வருஷம் முன்பு மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது பேச்சு வாக்கில், "அந்த நோட்டு இன்னும் வீட்ல இருக்கு சார்" என்றான். குத்திக்காட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் பந்தியில் சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதீங்க சார், எழுதுங்க" என்றான்.

அதனால்தான் பேத்திக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டேன். ஸ்கோரிங் எது என்பதை விடு, நம்பர் தியரி வந்தால் யார் நடத்துவார்கள் என்று விசாரி என்றேன். அவர் அதை விரும்பி நடத்துகிறவரா, தலையில் கட்டப்பட்டவரா என்று சீனியர்களிடம் கேள். எத்தனை பேர் சேர்ந்தால் நடத்துவார்கள் என்று துறைத் தலைவரிடமே போய்க் கேள், மரியாதையாக, எழுத்தில் கேள் என்றேன். வகுப்பு வராமல் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் நானே சொல்லித்தருகிறேன் என்றும் சொன்னேன். "உங்களுக்கு நம்பர் தியரி வருமா தாத்தா?" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள்! வராது, சேர்ந்து படிப்போம் என்றேன். பழைய எம்.எஸ்சி. புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. செல்லரித்தது முதல் அத்தியாயம் மட்டும்தான்.

நேற்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நடத்தப் போகிற மேடம் இளவயதுக்காரராம், நம்பர் தியரியில்தான் பிஎச்.டி. செய்திருக்கிறாராம். பதினைந்து பேர் சேர்ந்தால் கட்டாயம் எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். இதுவரை பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. ஹாஸ்டலில் இன்னும் ஆறு பேரிடம் பேச வேண்டுமாம்.

வங்கி மேலாளரிடம் அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஹாஸ்டல் பிள்ளைகளிடம் காட்டுவதற்கு.