ஆறு மாதக் காத்திருப்பு

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது ஒரு பழமொழி. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது இன்னொன்று. முன்னது காத்திரு என்கிறது. பின்னது சூட்டோடு சாப்பிட்டுவிடு என்கிறது. இரண்டையும் நமக்கு ஒரே பாட்டிதான் சொல்லிக் கொடுத்திருப்பாள். எந்தச் சமயத்தில் எதைக் கைக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆடி மாதத்தில் ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் குடும்பத் தலைவருக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். உள்ளே தள்ளுபடி நடக்கிறது. ஆனால் தீபாவளிக்குப் புதுச் சரக்கு வந்துவிடும். இப்போது வாங்கினால் பணம் மிச்சம். அப்போது வாங்கினால் வீட்டில் சமாதானம். புடவை விஷயத்தில் கணக்குத் தப்பினால் நஷ்டம் சொற்பம். கார் விஷயம் அப்படியல்ல. "இன்னும் கொஞ்ச நாளில் புது மாடல் வந்துவிடும் ஸார். இருக்கிற மாடலை நல்ல விலைக்குக் குறைத்துத் தருகிறோம்" என்று கடைக்காரர் சொல்லும்போது, பல வருஷத்துச் சேமிப்பு பையிலேயே பதறுகிறது. வாங்கிவிடுவதா, காத்திருப்பதா?

ஒரு தேசமே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு, பணத்தைக் கையில் பிடித்தபடி ஆறு மாதம் உட்கார்ந்திருந்த கதை சரித்திரத்தில் உண்டு. அது நடந்தது 1927இல், அமெரிக்காவில்.

கதையின் நாயகன் ஹென்றி ஃபோர்டின் 'டி' மாடல் கார். 1908 அக்டோபரில் அது விற்பனைக்கு வந்தபோது விலை 825 டாலரில் ஆரம்பித்தது. இருபது குதிரைத் திறன், நாலு சிலிண்டர். உடம்பு லேசு, எலும்பு கெட்டி. சேறும் குழியுமான கிராமத்துப் பாதையில் போவதற்கென்றே பிறந்த வண்டி. காலடியில் மூன்று மிதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று பின்னால் போவதற்கு மட்டுமே. முன்னே நின்று ஹாண்டிலைச் சுற்றி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெட்ரோல் தொட்டி ஆசனத்துக்கு அடியில் இருந்தது. எஞ்சினுக்கு எண்ணெய் தானாகவே வழிந்து போக வேண்டும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டில் முன்பக்கமாக ஏறாது. சொந்தக்காரர் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு மேடேறுவார். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. மாட்டின் குணம் தெரிந்து வண்டி ஓட்டுவதுபோல, இதன் குணமும் தெரிந்து ஓட்டினார்கள்.

ஃபோர்டின் பெரிய சாதனை காரைக் காட்டிலும் அதன் விலையில்தான் இருந்தது. 1913இல் அவருடைய தொழிற்சாலையில் நகரும் வரிசை முறை வந்தது. தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்க, வண்டி அவரைத் தேடி வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்த பூட்டும் வேலை, அடுத்த ஆண்டில் 93 நிமிஷத்துக்கு இறங்கியது. செலவு குறையக் குறைய விலையையும் குறைத்துக்கொண்டே போனார். 1925இல் இருவர் அமரும் டி வண்டி 260 டாலருக்குக் கிடைத்தது. அவருடைய தொழிலாளியின் இரண்டு மாதக் கூலிக்குள் ஒரு கார்!

1914 ஆகஸ்டில் அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் மூன்று இலட்சம் கார் விற்றால், வாங்கிய ஒவ்வொருவருக்கும் 40 முதல் 60 டாலர் வரை திருப்பித் தருவதாக அறிவித்தார். விற்றது 3,08,000க்கு மேல். சொன்னபடி பணத்தைத் திருப்பியும் கொடுத்தார். இதுவும் தள்ளுபடிதான். ஆனால் பழைய மாடலைத் தள்ளிவிடுவதற்காகத் தந்தது அல்ல. விற்பனை பெருகியதில் வாங்கினவருக்கும் ஒரு பங்கு. இந்த இரண்டு வகைத் தள்ளுபடிக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே வருவது எளிதாக விளங்கும்.

அந்தக் காலத்தில், "வாங்குவதா, அடுத்த மாடலுக்குக் காத்திருப்பதா?" என்ற கேள்வி டி வண்டியைப் பொறுத்தவரை எழவே இல்லை. அடுத்த மாடல் என்று ஒன்று இருந்தால் அல்லவா? கோடரி வாங்குகிறவன் அடுத்த வருஷத்துக் கோடரி எப்படி இருக்கும் என்று யோசிப்பதில்லை. ஃபோர்டு தம் காரையும் அப்படித்தான் கருதினார். சின்னச் சின்ன மாற்றங்கள் வந்ததுண்டு. ஆனாலும் டி, டியாகவே இருந்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு வர்ணம்கூட இல்லை.

கேள்வியை உண்டாக்கியவர்கள் எதிர்ச்சாரியில் இருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு 1923இல் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைவரானார். ஃபோர்டு உற்பத்தியைக் கண்டு மகிழ்ந்தவர். ஸ்லோன் வாங்குகிறவரின் மனத்தைப் படித்தவர். முதல் கார் வாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் வாங்கிவிட்டார்கள், இனி இரண்டாவது கார் வாங்க வருகிறவர்தான் முக்கியம் என்று அவர் கண்டுகொண்டார். அப்படி வருகிறவர் பழைய காரைக் கொண்டுவந்து கொடுத்து, மீதிப் பணத்தைத் தவணையில் கட்டி, முந்தையதைவிடக் கொஞ்சம் உயர்ந்ததை எடுத்துப்போக விரும்புவார். ஆகவே சின்னப் பணப்பைக்கு ஷெவர்லே, பெரிய பணப்பைக்குக் காடிலாக் என்று படிப்படியாக வண்டிகள் ஏற்பட்டன. ஆண்டுதோறும் தோற்றத்தில் ஏதாவது ஒரு மாறுதல் செய்யும் வழக்கமும் மெல்ல மெல்ல வேரூன்றியது. ஷெவர்லே பகுதியின் பொறுப்பை 1924இல் ஏற்றுக்கொண்டவர் வில்லியம் நட்ஸன். முன்பு ஃபோர்டிடமே வேலை பார்த்து வெளியேறியவர் அவர்.

தவணை முறையை ஃபோர்டு வெறுத்தார். 1923இல் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் ஐந்து டாலர் வீதம் கட்டிக்கொண்டே வரவேண்டும். முழு விலையும் சேர்ந்த பிறகு கார் கிடைக்கும். நம் ஊரில் நகைக்கடைக்காரர்கள் சீட்டு நடத்துகிறார்களே, அந்த மாதிரி. எதிர்க்கடையிலோ காரை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம், பணத்தைப் பிறகு கட்டலாம். மனிதசுபாவம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

பழகப் பழகப் பாலும் புளிக்கும். சாலைகள் சீராயின. மழைக்கும் பனிக்கும் மூடிய கார் வேண்டும் என்றார்கள். கையால் சுற்றாமல் கிளம்ப வேண்டும், மற்றவர்கள் ஓட்டுவதுபோல் கியர் போட்டு ஓட்ட வேண்டும் என்றார்கள். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறையப் பாதி ஃபோர்டுடையது. 1926இல் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில் எர்னஸ்ட் கான்ஸ்லர் என்ற உயர் அதிகாரி, புதிய கார் இல்லாவிட்டால் ஆபத்து என்று முதலாளிக்கு மிகப் பணிவோடு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். அவர் ஃபோர்டின் மகன் எட்ஸெலுக்குச் சகலை. உறவு உதவவில்லை. சில மாதங்களுக்குள் அவர் வேலை போயிற்று.

வேலை போனாலும், அவர் சொன்னது பொய்யாகவில்லை. 1927 மே மாதம் 25ஆம் தேதி, டி மாடல் நின்றுவிடும், புதிய கார் வரும் என்று ஃபோர்டு அறிவித்தார். மறுநாள் ஒன்றரைக் கோடியாவது டி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. தகப்பனும் மகனும் அதில் ஏறிப் போனார்கள்.

ஆனால் புதிய கார் எப்படி இருக்கும், என்ன விலை, எப்போது வரும் என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தயாராக ஒன்றும் இல்லை என்பதே உண்மை. வடிவமே முடிவாகவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே காரைச் செய்து பழகிய இயந்திரங்களைக் கழற்றி எறிந்து புதியவற்றைப் பொருத்த வேண்டும். தொழிற்சாலைகள் அடங்கின.

அந்த ஆறு மாதத்தில் கார் வாங்க நினைத்தவர்கள் மூன்று வகையானார்கள். முதல் வகையினர் கடைகளில் மிச்சமிருந்த டி வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பழகிய வண்டி, உள்ளூர்க் கொல்லன்கூடப் பழுது பார்க்கக்கூடிய வண்டி, இனிக் கிடைக்காதே என்ற கவலை. ஓர் அம்மாள் தம் ஆயுசுக்கும் போதுமென்று ஏழு டி வண்டிகளை வாங்கிப் பூட்டி வைத்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. இரண்டாம் வகையினர் எதிர்க்கடைக்குப் போனார்கள். 1927இல் ஷெவர்லே ஃபோர்டை முந்தி முதலிடம் பிடித்தது. மூன்றாம் வகையினர் காத்திருந்தார்கள். கண்ணால் பார்க்காத, விலை தெரியாத, பெயர்கூடத் தெரியாத ஒரு காருக்காக, பழைய வண்டியை இன்னும் கொஞ்ச நாள் உருட்டினார்கள். பத்திரிகைகளில் நாளொரு வதந்தி பொழுதொரு படமாக வந்துகொண்டிருந்தது.

காத்திருக்கிறவர், காத்திருப்பதில் தமக்குச் செலவு எதுவும் இல்லை என்றே நினைப்பார். பணம் அவரிடம்தானே இருக்கிறது? ஆனால் அந்தச் செலவை யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டிட்ராய்ட் நகரத்தில் பல்லாயிரம் தொழிலாளிகள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். கடன் வாங்கிக் கடை வைத்திருந்த ஃபோர்டு வியாபாரிகளுக்கு விற்பதற்குப் புது வண்டி இல்லை. உதிரி உறுப்புகளை விற்றும், பழைய கார்களைக் கைமாற்றியும் நாளை ஓட்டினார்கள். முடியாதவர்கள் கடையை மூடினார்கள். சிலர் எதிரிக் கம்பெனிக்கு மாறினார்கள். பெரியவர் காலத்தோடு செய்யத் தவறிய மாற்றத்துக்கு, சின்னவர்கள் தங்கள் ஆறு மாதத்தைக் கொடுத்தார்கள்.

டிசம்பர் 2ஆம் தேதி புதிய கார் அரங்கேறியது. அதற்குமுன் ஐந்து நாள், ஏறக்குறைய 2,000 நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம். கடைகளின் முன்னே திருவிழாக் கூட்டம். முதல் ஒன்றரை நாளில் ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள் என்று பேச்சு. எழுத்துக்களை ஆதியிலிருந்து தொடங்குவதுபோல் அதற்கு 'ஏ' என்று பெயரிட்டிருந்தார் ஃபோர்டு. நாற்பது குதிரைத் திறன், நாலு சக்கரத்துக்கும் பிரேக், மூன்று கியர், அடிபட்டால் சிதறாத முன் கண்ணாடி, பல வர்ணங்கள். விலை 385 டாலரில் ஆரம்பம். காத்திருந்தவர்கள் ஏமாறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண்ணாடியும் பிரேக்கும் வெறும் அலங்காரம் அல்ல, உயிரைக் காப்பவை. ஆனால் முன்பணம் கொடுத்தவர்களுக்கு வண்டி உடனே கைக்கு வந்துவிடவில்லை. தொழிற்சாலை சூடு பிடிக்கவில்லை. ஆகவே 1928லும் பல மாதம் காத்திருப்பு நீண்டது.

நம் நாட்டில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. 1957இல் வந்த அம்பாஸடர், பிரிட்டனில் ஓடிய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் மறுபிறப்பு. பிரிட்டனில் அந்த வரிசை 1959இல் முடிந்தது. வங்காளத்து உத்தரபாடாவில் அம்பாஸடர் 2014 வரை தயாரானது. நம்மவர்களும் முன்பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் புதிய மாடலுக்காக அல்ல. அதே பழைய மாடலுக்காக! போகிற மாடல், வருகிற மாடல் என்ற பேச்சே அங்கே இல்லை. 1983இல் மாருதி வந்து, பிறகு 1990களில் கதவுகள் திறந்த பின்புதான், "வாங்குவதா, காத்திருப்பதா?" என்ற அமெரிக்கத் தலைவலி நமக்கும் கிடைத்தது.

தள்ளுபடி விலைக் காரைப் பார்க்கும்போது நாம் ஒன்றை யோசிக்கலாம். நேற்று இருந்த இரும்புதான் இன்றும் அதில் இருக்கிறது. சக்கரம் ஒன்று குறைந்துவிடவில்லை. குறைந்தது, இன்னொரு கார் வருகிறது என்ற செய்தியின் அளவுக்கு நம் ஆசை மட்டுமே. வருகிற காரில் உயிரைக் காக்கும் மாற்றம் இருக்கிறதா, விளக்கின் வடிவம் மட்டும் மாறியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னதானால் காத்திருப்பது விவேகம். பின்னதானால், நாளைக்கே வேலைக்கு வண்டி தேவைப்படுகிறவர் மலிவானதை வாங்கிக்கொண்டு போகலாம். அதற்குப் பல வருஷம் உதிரி உறுப்பு கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொண்டால் போதும்.

டி வண்டியை வாங்கியவர்கள் அந்த விஷயத்தில் பாக்கியசாலிகள். அது நின்றபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட டி வண்டிகள் சாலையில் இருந்தன. அவர்களை ஃபோர்டு கைவிடவில்லை. தேசமே ஆறு மாதம் தவமிருந்து பெற்ற ஏ மாடல், நாலு வருஷம் ஓடி, 1932இல் எட்டு சிலிண்டர் வண்டிக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. டி வண்டிக்கு மாற்று எஞ்சின்கள் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. கடைசி எஞ்சின் 1941 ஆகஸ்டில் வெளிவந்தது. அப்போது ஏ மாடல் கார் நின்றுபோய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.