நீராவி எஞ்சினின் குரல்

கிள்ளானுக்குப் போகும் நம் மேருப் பிள்ளைகள் இன்று பார்ப்பது மின்சார ரயிலை. 1995-இல் வந்த அந்த வண்டி ஓசைப்படாமல் வந்து நிற்கிறது. ஆனால் இப்பாதையில் முதலில் ஓடியது நீராவி வண்டி. 1886 செப்டம்பர் 15-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை அது ஓடியது. ஆற்றுக்குப் பாலம் போட்ட பின், 1890-இல் கிள்ளான் ஊருக்குள் வந்தது. தண்டவாளம் போட்டதிலும், பிரிக்பீல்ட்ஸ் எஞ்சின் ஷெட்டிலும், செந்தூல் பட்டறையிலும் நம்மவர்கள் வியர்வை சிந்தினார்கள்.

அந்த எஞ்சினின் 'குப் குப்' எங்கிருந்து வந்தது? இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் முன்னும் பின்னும் நீராவி மாறி மாறித் தள்ளும். வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறும். ஆகவே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு 'குப்'. மூன்று சிலிண்டர் என்றால் ஆறு.

பொம்மை ரயில் செய்தவர்கள் இந்தக் குரலுக்காக ரொம்பப் பாடுபட்டார்கள். 1935-இல் அமெரிக்காவின் லயனல் கம்பெனி, பின்பெட்டிக்குள் சிறு மோட்டாரும் காற்றாடியும் வைத்து விசில் ஊத வைத்தது. பட்டனை அழுத்தினால் தண்டவாளம் வழியாகவே மின்சாரம் போய் அந்த மோட்டாரை முடுக்கும். விசிலை எப்போது வேண்டுமானாலும் ஊதலாம். 'குப்' ஓசை அப்படியல்ல. அது சக்கரத்தோடு சேர்ந்து வர வேண்டும். அதற்கு உதவியது 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் கண்டுபிடித்த நாக்குச் சுவிட்ச். சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இரும்பு நாக்குகள். பக்கத்தில் காந்தம் வந்தால் ஒட்டிக்கொள்ளும், போனால் பிரிந்துவிடும். அச்சில் நாலு காந்தம் ஒட்டி, அருகே சுவிட்சை வைத்தால் ஒரு சுற்றுக்கு நாலு தடவை ஒலிப்பெட்டி பேசும்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களும் நானும் இதைச் செய்து பார்த்தோம். பிரிக்பீல்ட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த ஒரு மாணவனின் தாத்தாவை அழைத்திருந்தோம். எஞ்சின் ஓடியது. பையன்கள் கைதட்டினார்கள். தாத்தா மட்டும் கண்ணை மூடிக் கேட்டார்.

"எஞ்சின் நொண்டுது, வாத்தியாரே. நாலுல ஒண்ணு பிந்தி வருது. வால்வு சரியில்லேன்னா இப்படித்தான் கேக்கும்" என்றார்.

கழற்றிப் பார்த்தோம். ஒரு காந்தம் அரை விரற்கடை தள்ளி ஒட்டியிருந்தது. பையன்கள் அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டும்வரை தாத்தா எழுந்து போகவில்லை.