பி.டி. சார் எங்கிருந்து வந்தார்?

அமெரிக்காவுல ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிற ஒரு சின்னக் காலேஜை எடுத்துக்குங்க. அதுல ஒரு பேஸ்பால் டீம் இருக்கும். டீமுக்கு ஒரு ஹெட் கோச். பந்து வீசறவங்களைப் பார்த்துக்க ஒரு பிட்சிங் கோச். மட்டை பிடிக்கறவங்களுக்கு ஒரு ஹிட்டிங் கோச். அடிபட்டா கட்டுப் போட ஒரு ஆள். இதுல பாதிப்பேர் பகுதி நேர ஆளுங்கதான், சம்பளமும் சொற்பம்தான். ஆனாலும் ஒரே ஒரு விளையாட்டுக்கு நாலஞ்சு பேர்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கறது ரொம்ப சுலபம். பனியன் கம்பெனி மாதிரிதாங்க. கட்டிங் மாஸ்டர் வேற, ஓவர்லாக் டெய்லர் வேற, பேட்லாக் வேற, கைமடி வேற, செக்கிங் வேற. ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் கை வைக்கமாட்டார்.

இப்ப நம்ம பக்கம் வாங்க. வீரபாண்டியைச் சுத்தி (தேனி வீரபாண்டி இல்லீங்க, திருப்பூர் வீரபாண்டி) எந்தக் காலேஜுக்கு வேணும்னாலும் போய்க் கேளுங்க. கபடிக்கு யாருங்க கோச்? பி.டி. சார். வாலிபாலுக்கு? அவர்தான். கோகோ, பூப்பந்து, ஓட்டப்பந்தயம்? அவரேதான். கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போட வைக்கறது, ஸ்போர்ட்ஸ் டே அணிவகுப்பு, வெளியூர் மேட்ச்சுக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போய் பேட்டா கணக்கு எழுதறது, லேட்டா வர்றவனை கேட்டுல நிறுத்தறது வரைக்கும் எல்லாமே அவர் தலையிலதான். காகிதத்துல பேரு 'உடற்கல்வி இயக்குநர்'. இயக்கறதுக்குக் கீழ ஒரு ஆளும் கிடையாது, அது வேற விஷயம்.

காசு இல்லை, அதனாலதான் ஒரே ஆளுன்னு ரொம்பப் பேர் நினைக்கறாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா இந்த 'ஒரே ஆள்'ங்கறது வறுமையில தானா முளைச்சது இல்லை. யோசிச்சு உருவாக்கின ஒரு பதவி. அதோட பூர்வீகமும் அமெரிக்காவுலதான் இருக்கு, அதுவும் ஒரு பேஸ்பால்காரர்கிட்ட!

முதல்ல அந்தக் கதை. அமெரிக்கக் காலேஜுகளுக்கு இடையில நடந்த முதல் பேஸ்பால் மேட்ச் 1859 ஜூலை 1-ம் தேதி. ஆம்ஹெர்ஸ்ட் காலேஜும் வில்லியம்ஸ் காலேஜும் மோதி, ஆம்ஹெர்ஸ்ட் 73-32னு ஜெயிச்சுது. (மறுநாள் இதே ரெண்டு காலேஜும் செஸ் போட்டி வச்சுக்கிட்டாங்க, அதுலயும் ஆம்ஹெர்ஸ்ட்தான்.) அந்தக் காலத்துல கோச்சுன்னு ஒருத்தர் கிடையாது. மாணவர்கள்லயே ஒருத்தன் கேப்டன், அவன் சொன்னதுதான் சட்டம்.

அப்புறம் வந்தார் அமோஸ் அலான்சோ ஸ்டாக். யேல் பல்கலைக்கழகத்துக்காகப் பந்து வீசி நாடு முழுக்கப் பேர் வாங்கினவர். காசு தர்றோம், தொழில்முறை டீமுக்கு வான்னு கூப்பிட்டாங்க, போகலை. நேரா ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்ல இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டி பாஸ்கெட்பாலைக் கண்டுபிடிச்சாரே, அதே பள்ளிதான். ரெண்டு பேரும் அங்க ஒண்ணா வேலை பார்த்தவங்க.

1892-ல் புதுசா திறந்த சிகாகோ பல்கலைக்கழகம் ஸ்டாக்கைக் கூப்பிட்டுது. எப்படின்னா, கூலிக்குப் பிடிச்ச பயிற்சியாளரா இல்லை. உடற்பயிற்சித் துறைக்குத் தலைவரா, மத்த பேராசிரியர்களுக்குச் சமமான நிரந்தரப் பதவியில. கால்பந்து (அவங்க ஊர் கால்பந்து), பேஸ்பால், தடகளம் மூணுக்கும் அவரே கோச். அதாவது நம்ம பி.டி. சார்! என்னைக் கேட்டா, விளையாட்டுச் சொல்லித்தர்றவரும் ஒரு வாத்தியார்தான்னு ஒரு பல்கலைக்கழகம் ஒத்துக்கிட்ட பெரிய இடம் இதுதான். எழுபது வயசானதும் சிகாகோவுல வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. அவர் போகலை, வேற காலேஜுக்குப் போயி 1946 வரைக்கும் கோச். அதுக்கப்புறம் 1947-ல் பென்சில்வேனியாவுல சஸ்குவஹானாங்கற ஒரு சின்னக் காலேஜ்ல மகன் கோச்சா இருக்க, அவருக்குத் துணையா இன்னும் அஞ்சாறு வருஷம். 1965-ல் 102 வயசுல செத்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? ஒய்.எம்.சி.ஏ. தான் சம்பந்தம். அந்தப் பள்ளியில உருவான ஆளுங்க உலகம் முழுக்கப் போனாங்க. வாலிபாலைக் கண்டுபிடிச்ச வில்லியம் மார்கனும் அந்தக் கூட்டம்தான். 1908-ல் டாக்டர் கிரே கல்கத்தாவுக்கு வந்தார். அடுத்து ஹாரி குரோ பக், சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சார். இன்னைக்கு நந்தனத்துல இருக்கே, அதேதான். உடற்கல்வி வாத்தியார்களைப் பயிற்றுவிக்க இந்தியாவுல வந்த முதல் கல்லூரி.

அதுக்கு முன்னாடி நம்ம பள்ளிக்கூடங்கள்ல இருந்தவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவர். லெஃப்ட் ரைட், அட்டென்ஷன், பிரம்பு, அவ்வளவுதான் பாடம். மத்த வாத்தியார்கள் அவரைத் தங்களோட சேர்த்துக்கவும் மாட்டாங்க. பக் இந்த இடத்துலதான் கை வச்சார். உடற்கல்வி வாத்தியாரும் படிச்சவரா இருக்கணும், உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிருக்கணும், ஒரு விளையாட்டு இல்லை, பத்து விளையாட்டு நடத்தத் தெரியணும். நல்லா ஆடற பதினோரு பேருக்கு மட்டும் இல்லை, ஆடவே வராத மீதிப் பேருக்கும் அவர்தான் வாத்தியார். மேல்நாட்டு விளையாட்டோட நிக்காம சடுகுடு மாதிரி நம்ம ஆட்டங்களோட விதிகளையும் தொகுத்துப் புத்தகத்துல சேர்த்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் பக் தான். அந்த அணியில தடை ஓட்டம் ஓடின லட்சுமணன் பிற்பாடு டாக்டராகி, இந்திய சுகாதாரத் துறைக்கே தலைமை இயக்குநரா வந்தார். பக் 1943-ல் சென்னையிலேயே காலமானார்.

அமெரிக்கர் வந்தாரு, பாஸ்கெட்பால் வந்துச்சு, வாலிபால் வந்துச்சு, பேஸ்பால் மட்டும் ஏன் வேர் பிடிக்கலை? என் கணக்கு இதுதான். வாலிபாலுக்கு ஒரு பந்து, ஒரு வலை, ரெண்டு கம்பம் போதும், பன்னெண்டு பேர் ஆடலாம். பேஸ்பாலுக்குத் தடுக்கிற ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு கையுறை வேணும், பெரிய இடம் வேணும், அந்த இடத்துல ஏற்கனவே கிரிக்கெட் உக்காந்துட்டு இருந்துச்சு. ஒத்தை ஆளா நாலு டீமைப் பார்க்கிற வாத்தியாருக்கு எது தோதுப்படும் சொல்லுங்க?

பக் போட்ட அச்சு அப்படியே நின்னுடுச்சு. 1950-கள்ல பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்துல மாருதி உடற்கல்விக் கல்லூரி, காரைக்குடியில அழகப்பா உடற்கல்விக் கல்லூரின்னு வரிசையா வந்துச்சு. நம்ம கொங்குப் பக்கத்துல மாருதியில படிச்சு வந்த பி.டி. சார் இல்லாத பள்ளிக்கூடம் குறைவுன்னே சொல்லலாம். எல்லாரும் ஒரே வார்ப்பு. பத்து ஆட்டம் தெரியும், ஒரு விசில்.

இதுக்கு எதிர்ப்பாட்டு கிளம்பினது 1958-ல். டோக்கியோ ஆசிய விளையாட்டுல இந்தியா சுமாரா ஆடினதும், பாட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங் தலைமையில ஒரு குழு போட்டாங்க. அதோட விளைவா 1961 மே 7-ம் தேதி, அவங்க மோதி பாக் அரண்மனையிலேயே தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. சுருக்கமா என்.ஐ.எஸ். இங்க படிச்சு வர்றவர் வாத்தியார் இல்லை, கோச். ஒரே ஆட்டம், அதுல ஆழம். ஹாக்கிக்கு தயான் சந்தே அங்க தலைமைக் கோச்சா இருந்தார்னா பார்த்துக்குங்க.

அன்னையிலிருந்து நம்ம நாட்டுல ரெண்டு ஜாதி ஆயிடுச்சு. காலேஜ்ல பி.டி. சார், ஸ்டேடியத்துல என்.ஐ.எஸ். கோச். ஸ்டாக் காலத்துல ஒருத்தருக்குள்ள இருந்த ரெண்டு வேலையும் அமெரிக்காவுலயும் பின்னாடி பிரிஞ்சுதான் போச்சு. ஆனா அங்க ரெண்டு பேரும் காலேஜுக்குள்ளயே இருக்காங்க. இங்க கோச் வெளியே, வாத்தியார் உள்ளே.

இது சும்மா பழங்கதை இல்லீங்க. இப்ப சுயநிதிக் காலேஜுகள் சிலது புது வழி பிடிச்சிருக்கு. ஒரே ஒரு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதுக்குத் தனிக் கோச் போட்டு, ஏற்கனவே மாநில அளவுல ஆடற பசங்களை ஃபீஸ் இல்லாம சேர்த்துக்கறது. கோப்பை வருது, பேப்பர்ல போட்டோ வருது. தப்புன்னு சொல்லமாட்டேன், அந்தப் பையனுக்கு இலவசமா ஒரு டிகிரி கிடைக்குது. ஆனா அந்தக் காலேஜ்ல படிக்கிற மீதி ஆயிரம் பேர் கிரவுண்டுப் பக்கம் போறாங்களா?

நம்ம ஊர் காலேஜ் பசங்க நிலைமை உங்களுக்கே தெரியும். மதியம் காலேஜ் விட்டதும் நிறையப் பேர் கம்பெனிக்குப் போயிடறான். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீட்டுல குடுத்தாகணும். அவன்கிட்ட சாயங்காலம் அஞ்சு மணிக்கு பிராக்டிஸ்க்கு வாடான்னு சொன்னா எப்படி வருவான்? அவனுக்காகக் காலையில ஆறு மணிக்கே கிரவுண்டைத் திறந்து வைக்கிற ஆள் யாருன்னா, பழைய பி.டி. சார்தான். கோப்பைக்காக வந்த கோச்சுக்கு அந்தப் பையன் கணக்குலயே வரமாட்டான். எனக்கு மனசுல படறது, பி.டி. சாரை எடுத்துட்டுக் கோச்சைப் போடறது இல்லை, அவர் பக்கத்துல இன்னும் ரெண்டு பேரைப் போடறதுதான் சரி. யூ.ஜி.சி. 2010, 2018 விதிகள்ல உடற்கல்வி இயக்குநருக்கு ஆசிரியர்களுக்குச் சமமான சம்பள விகிதம்தான் சொல்லியிருக்கு. காகிதத்துல ஸ்டாக்குக்குக் கிடைச்ச மரியாதை வந்தாச்சு. ஆளுதான் இன்னும் ஒண்ணு.

உங்க பி.டி. சாரை எங்கயாவது பஸ் ஸ்டாண்டுல பார்த்தா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. சார், நீங்க எங்க படிச்சீங்க, நந்தனமா, பெரியநாயக்கன்பாளையமா, காரைக்குடியா? கொறஞ்சது அரை மணி நேரம் பேசுவார், பஸ்ஸை விட்டுடாதீங்க.