பசிக்குரல் பொய் சொல்லுமா?

அரியலூர்ப் பக்கத்து ஊர்களில் கோடைக் காலத்தில் வேம்பிலும் புளியமரத்திலும் காகக் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். இரையுடன் காகம் வந்து அமர்ந்ததும் குஞ்சுகள் கழுத்தை நீட்டி, சிவந்த வாயைப் பிளந்து கத்துகின்றன. அவற்றுள் ஒன்று குயிற்குஞ்சாகவும் இருக்கலாம்! அதற்கும் காகம் இரை ஊட்டுகிறது. பறவையியலார் வகுத்த ‘பாடும் பறவைகள்’ பிரிவில் காகம் அடங்கும். இனிமையாகக் கூவும் குயில் அடங்காது என்பது வேடிக்கையன்றோ?

காகக் கூட்டில் குயில் முட்டையிடும் வழக்கத்தை, இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த டக்ளஸ் டியூவர் ஆராய்ந்து 1907இல் எழுதினார். ஆனால், குஞ்சு எவ்வாறு இரை கேட்கிறது என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

1939இல் ஹாலந்து நாட்டு அறிஞர்கள் டின்பெர்கனும் குயூனனும் பூங்குருவி இனக் குஞ்சுகளை ஆராய்ந்தனர். கண் திறவாத குஞ்சுகள், கூடு சற்று அதிர்ந்தாலே நேர் மேலே வாயைத் திறந்தன. கண் திறந்து சில நாட்கள் சென்றபின் தாயின் தலையை நோக்கித் திறந்தன. தாய்க்குப் பதில் அட்டை வட்டத்தைக் காட்டினாலும் அவ்வாறே செய்தன! டின்பெர்கன் 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

பசியில்லாத குஞ்சும் கத்தி இரை பெறலாமே? தாய் கொடுக்க விரும்புவதைவிட மிகுதியாகவே குஞ்சு கேட்கும் என்று 1974இல் அமெரிக்க அறிஞர் டிரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். அப்படியானால் தாய் அக்குரலை நம்புவது ஏன்? கத்துவதற்கும் ஒரு விலை உண்டு. உடலின் ஆற்றல் செலவாகிறது; பூனையும் பாம்பும் கூட்டைக் கண்டுகொள்ளக்கூடும். ஆகவே, மெய்யாகவே பசித்த குஞ்சுக்குத்தான் உரக்கக் கத்துவது இலாபம். இதை 1991இல் காட்ஃப்ரே கணித முறையில் விளக்கினார்.

எனினும், ஏமாற்றும் குஞ்சும் உண்டு. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு, நாணற்குருவியின் முட்டைகளையும் குஞ்சுகளையும் வெளியே தள்ளிவிட்டுத் தனியே வளர்கிறது. நாணற்குருவியோ, திறந்த வாய்களின் மொத்தப் பரப்பையும் கத்தும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே இரை கொணர்கிறது. ஒரே வாயுள்ள குயிற்குஞ்சு என்ன செய்யும்? ஒரு கூட்டுக் குஞ்சுகள் அனைத்தும் சேர்ந்து கத்துவதுபோல் விரைந்து கத்தி, குறையை ஈடுசெய்கிறது! கேம்பிரிட்ஜ் அறிஞர்களான கில்னர், நோபிள், டேவிஸ் ஆகியோர் 1999இல் இதை வெளியிட்டனர்.

நம் ஊர்க் குயிற்குஞ்சு பெரும்பாலும் காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. அங்கே முதல் வாய் இரை யாருக்குக் கிடைக்கிறது? மிகுதியாகக் கத்துவது எது? எட்ட நின்று கவனித்துக் குறித்து வையுங்கள். கிட்டப் போனால் காகம் தலையில் கொத்திவிடும்!