கனியும் பங்கும்: இறுப்பிட்டியின் மரபு குறித்த ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணையை அடைந்து, வாணர் பாலத்தையுங் கடப்போர் புங்குடுதீவினுட் புகுவர். அத்தீவின் குறிச்சிகளுள் ஒன்று இறுப்பிட்டி. பிட்டி என்னுஞ் சொல் மேட்டுநிலத்தைக் குறிக்கும். பெருங்கோட்டையையோ அரண்மனையையோ தேடி வருவோர்க்கு இவ்வூர் ஏமாற்றமளித்தல் கூடும். இதன் தொன்மை கல்லிலன்றி மரத்தில் நிற்கின்றது. அம்மரம் பனையாகும்.

தீவுப்பகுதி வரலாற்றுக்குப் புறம்பானதன்று. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர்க்குப் பாதுகாப்பு அளித்தலையும், உடைந்த மரக்கலங்களின் பொருளைப் பங்கிடும் முறையையுங் கூறுகின்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரொன்றின் பெயரால் புங்குடுதீவை மிடில்பேர்க் என வழங்கினர். ஆயின் ஆட்சியாளர் இட்ட பெயர் மறைந்தது. மக்கள் பேணிய மரம் நிலைத்தது.

ஆறில்லாத, உவர்நீர் மிகுந்த இச்சுண்ணக்கல் நிலத்தில் பனையின் கனி இருமுறை உணவாகின்றது. ஆடி, ஆவணியில் உதிரும் பழத்தின் களியைப் பிழிந்து, பாயில் அடுக்கடுக்காகப் பரவி, வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்குவர். எஞ்சிய விதைகள் மாரிமழைக்கு முன் பாத்தியில் அடுக்கப்படும். அவை சில திங்களிற் கிழங்காகும். கிழங்கு உலர்ந்து ஒடியலாகும். ஒடியல் மாவு கூழாகவும் பிட்டாகவும் மாறும். இத்தொழிலிற் பெரும்பகுதி பெண்களின் கைத்திறனாகும்.

விளைவு யாருக்குரியது என்ற வினாவையும் இச்சமூகம் முற்காலத்திலேயே எதிர்கொண்டது. யாழ்ப்பாணத்து வழக்கங்களைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுக்க, பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து உடன்பட்டனர். 1707இல் உருப்பெற்ற அத்தேசவழமை, பிறர் நிலத்தில் தென்னை நடுவோனுக்கும் பங்குண்டு என்கின்றது. கன்றை நிலவுடைமையாளன் கொடுத்திருப்பின் மூன்றில் இரண்டு பங்கு அவனுக்கு. நட்டவனே கொணர்ந்திருப்பின் அவ்விரண்டு பங்கும் நட்டவனுக்கு. நிலம் மட்டுமன்றி உழைப்பும் உரிமை தரும் என்னுங் கருத்து இதன்கண் அமைந்திருத்தல் ஈண்டு நோக்கற்பாலது.

அவ்வழக்கு எதிர்பாராத நிலை பின்னர் தோன்றியது. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாகத் தீவுப்பகுதி மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்குஞ் சென்றனர். 2009இல் போர் ஓய்ந்தபின்னும் மீண்டோர் சிலரே. நிலத்தை ஆள்வோனும் இல்லை, பழம் பொறுக்குவோனும் இல்லையெனில், பங்கீட்டுக்கு இடமேது?

நிலத்துக்கு உறுதி உண்டு. அது கனடாவிலுள்ள பெட்டகத்திலும் அழியாதிருக்கும். பனாட்டு இடும் பக்குவத்துக்கு உறுதி ஏதுமில்லை. அது தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு மட்டுமே வருவது. கல்வெட்டைப் படியெடுக்கும் ஆர்வத்தோடு, எஞ்சியுள்ள முதியோரின் தொழிலறிவையும் பதிவுசெய்தல் வரலாற்று மாணவர் கடனாகும். பனைகள் இன்னும் காய்க்கின்றன. அவற்றின் பயனை அறிந்தோர் அருகிவருகின்றனர்.