தொண்டைமான் சீமை

ஆடிப் பதினெட்டு வந்தால் கொங்கு மண்ணில் தீரன் சின்னமலையின் பேச்சு எழாமல் இராது. 1805ஆம் ஆண்டு சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட அவ்வீரரைப் பற்றி உரையாடுகையில், எம் பங்கு இளைஞர் ஒருவர் கட்டபொம்மனுக்குத் தாவி, "சாமி, புதுக்கோட்டைத் தொண்டைமான் துரோகிதானே?" என்றார். ஒரே சொல்லில் விடையிறுக்க என் மனம் இடந்தரவில்லை.

இன்றைய தமிழகத்துள் முழுமையாக அமைந்திருந்த ஒரே சமஸ்தானம் புதுக்கோட்டை. பரப்பு சுமார் 1,180 சதுர மைல். பெரும்பாலும் கண்மாய்களை நம்பிய வானம் பார்த்த பூமி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் மைத்துனரான ரகுநாதராயத் தொண்டைமான் இதனை நிறுவினார். வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர் இச்சீமையைச் சேர்ந்ததே.

தஞ்சை, மதுரை, சேது நாடு, ஆற்காட்டு நவாபு என வலியோர் நடுவே சிற்றரசொன்று எப்படிப் பிழைக்கும்? வெல்லும் பக்கத்தைத் தேர்ந்துதான். 1750களில் திருச்சி முற்றுகையின்போது ஆங்கிலேயப் படைக்கு உணவுப்பொருள் அனுப்பியது தொண்டைமான் நாடே. அந்த நட்பின் நீட்சியே 1799. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் தப்பிய கட்டபொம்மன், திருக்களம்பூர்க் காட்டில் தொண்டைமான் ஆட்களிடம் பிடிபட்டு, ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இதற்கு எவ்விதச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அன்று ஆங்கிலேயருக்குத் துணைநின்றவர் தொண்டைமான் ஒருவர் மட்டுமல்லர், எட்டயபுரத்தாரும் நின்றனர். பழி முழுவதையும் ஒரு தலையில் ஏற்றுவது நமக்கு வசதியாகிவிட்டது.

கும்பினியாரிடமிருந்து தொண்டைமானுக்குக் கீழாநிலைக் கோட்டையும் சுற்றுப்புறமும் கிடைத்தன. ஆண்டுக்கொரு யானை கப்பமாகத் தரவேண்டும் என்பது நிபந்தனை. அந்த யானையை அவர்கள் வற்புறுத்திக் கேட்கவேயில்லை. 1836இல் நிபந்தனையையே நீக்கிவிட்டனர்.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாடு தன் 'அம்மன் காசு' எனும் சிறு செப்புக்காசுடன் தனித்தே வாழ்ந்தது. திவான் சேஷையா சாஸ்திரி நகரைத் திருத்தி, குளங்களைச் செப்பனிட்டார். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணி மாலி பிங்கை மணந்தார். அவர்தம் மகனுக்கு வாரிசுரிமை மறுக்கப்பட்டது. மன்னர் நாட்டைவிட்டு அகன்று 1928இல் அயல்நாட்டிலேயே இறந்தார். ஆறு வயதுச் சிறுவரான ராஜகோபாலத் தொண்டைமான் அரியணை ஏறினார்.

1948 மார்ச் 3ஆம் நாள் அவரே தம் நாட்டை இந்திய யூனியனில் இணைத்தார். திருச்சி மாவட்டத்தில் கலந்த அப்பகுதி, 1974இல் தனி மாவட்டமாயிற்று. மன்னர் வாழ்ந்த புதிய அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடைபெறுகிறது. மக்கள் மனுக்களோடு அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.