ஏழு கன்னியர் மலையும் மீட்பின் கணக்கும்

மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. நூல்களில் அதன் பெயர் சப்த கன்னியா. தோட்டத்து மக்களுக்கு ஏழு கன்னியர் மலை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணிக்குப் பின் அம்மலையில் ஒரு விமானம் மோதிச் சிதறியது. நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்து டி.சி. 8 விமானம் அது. சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட ஹஜ் யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர். வழியில் கட்டுநாயக்காவில் இறங்க வேண்டியவர்கள். தாம் இருக்கும் இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்துவிட்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

நேயர்களே, இப்படி விழும் விமானத்தைத் தேடுவது யாருடைய பொறுப்பு? 1944இன் சிக்காகோ உடன்படிக்கை, 25ஆம் உறுப்புரையில் விடை சொல்கிறது: யாருடைய எல்லைக்குள் ஆபத்து நேர்ந்ததோ அந்த நாடே தனக்கு இயன்ற உதவியைச் செய்யவேண்டும். பயணி எந்த நாட்டவர் என்று அது கேட்பதில்லை. இலங்கை அதில் சேர்ந்தது 1948இல். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்ததும் அதே 1948இல்தான்! வானில் செல்லும் அந்நியனுக்குக் கைகொடுப்பதாக ஒப்பமிட்ட அரசு, கொழுந்து பறிப்பவளை நம்மவள் அல்ல என்றது.

செலவு யாருடையது என்பது அடுத்த கேள்வி. உயிர் காத்ததற்குக் கூலி கேட்பதில்லை என்பது கடலோடிகளின் பழைய வழக்கம். ஆகவே தேடுகிறவரே செலவையும் சுமக்கிறார். பெரும்பாலும் அது படைகளின் தலையில் விழுகிறது. 2014இல் மறைந்த மலேசிய விமானம் எம்.எச். 370ஐக் கடலடியில் தேட மட்டும் ஏறத்தாழ 20 கோடி அவுஸ்திரேலிய டொலர் போனது. அவுஸ்திரேலியா, மலேசியா, சீனா மூன்றும் பகிர்ந்துகொண்டன. கப்பலுக்கும் விமானத்துக்கும் கணக்கு எழுத முடியும்.

1974 டிசம்பரின் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அது தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலம். மலையடி லயங்களில் இருந்தவர்களில் பலர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாதவர்கள். அந்த மலையின் ஒற்றையடிப் பாதைகளை அறிந்தவர்களும் அவர்களே. அவர்களின் கால்நடையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அவ்விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுப்பொருளாக வைக்கப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. விபத்து நடந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.